உட்கார்ந்து கேட்ட கேள்விகள்

மூன்றாவது வாய் இன்னும் உள்ளே போகவில்லை, நெஞ்சுக்குழிக்கு மேலே நின்றுகொண்டு போவதா வருவதா என்று யோசிக்கிறது, நானும் அதோடு சேர்ந்து கரண்டியைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறேன். அவசரப்பட்டால் திரும்பி வரும். வாந்திகூட இல்லை, வெள்ளையாக நுரை, வாய் நிறைய, கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் போட்டுக்கொண்டு வாஷ்பேசினைப் பிடித்தபடி நிற்க வேண்டும். வேண்டாம். மெல்ல வேண்டும், இன்னும் மெல்ல வேண்டும், வாயில் இருப்பது கூழாகிற வரைக்கும் மெல்ல வேண்டும். பெண் வக்கீல்கள் அறையில் இப்போது நான் மட்டும்தான், மேலே மின்விசிறி கிறீச்சிடுகிறது, கிண்ணத்தில் மனோகரன் காலையில் வைத்துக் கொடுத்த கீரைப் பருப்பும் ஒரு முட்டையும். கல்யாணம் ஆன நாளிலிருந்து சமையலறைப் பக்கம் வராத மனுஷன், ஏழு மாதமாக என் கிண்ணத்தை அவர்தான் நிரப்புகிறார், கிண்ணத்தைப் பார்த்தால் வீட்டில் குழந்தை இருக்கிறதோ என்று தோன்றும். தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிடுவதற்கு முன்னால் அரை மணி நேரம், பின்னால் அரை மணி நேரம். தொண்டை காய்கிறது. காயட்டும். இதே மேசையில் உட்கார்ந்து எத்தனை மத்தியானம் கேன்டீன் புரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டு அடித்திருக்கிறேன், ருசிக்காக அல்ல, அடுத்த கேஸ் கூப்பிடுவதற்குள் முடிக்க வேண்டும் என்று, யாரும் வந்து பார்ப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று. குண்டான பெண் சாப்பிடுவதை எல்லோரும் பார்ப்பார்கள். இலையைப் பார்ப்பார்கள், கையைப் பார்ப்பார்கள், மறுபடி இலையைப் பார்ப்பார்கள். அதனால் வேகமாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டவள் நான். இப்போது அந்த வித்தை முழுவதையும் தலைகீழாக மறக்க வேண்டியிருக்கிறது. இறங்கிவிட்டது. மூன்றாவது வாய் இறங்கிவிட்டது. நாலாவது எடுக்கலாமா? காலையில் அந்த ஜாமீன் மனு இழுத்த இழுப்பில் இடைவேளையில் பாதி போய்விட்டது, அவசரம் என்று நினைத்தாலே வயிறு கதவைச் சாத்திக்கொள்கிறது.

வயிறு என்று சொல்கிறேன், எந்த வயிறு, முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள், மிச்சம் இருப்பது வாழைப்பழம் அளவு என்று டாக்டர் கையை நீட்டிக் காட்டினார். இங்கே யாருக்கும் தெரியாது. இளைத்துவிட்டீர்களே செல்வநாயகி மேடம், என்ன ரகசியம், வாக்கிங்கா? ஆமாம், வாக்கிங். பேலியோ டயட்டா? ஆமாம், அதுவும்தான். முடி கொட்டியபோது தண்ணீர் சரியில்லை என்றேன். சித்திரை வெயிலில் எனக்குக் குளிர்ந்தபோது லேசான காய்ச்சல் என்றேன். சாட்சிக் கூண்டில் நிற்கிறவன் பொய் சொன்னால் வாசனையிலேயே கண்டுபிடிக்கிறவள், வராந்தாவில் நின்று தினம் ஒரு பொய் சொல்கிறேன். ஏன்? கத்தி வைத்து இளைத்தவள் என்பார்கள், சுலபமான வழியில் போனவள் என்பார்கள். சுலபமாம். வாயைக் கட்டத் துப்பில்லாமல் வயிற்றைக் கட்டிக்கொண்டாள் என்று அவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே எனக்குள் சொல்லிக்கொண்டாகிவிட்டது. ஆனால் அந்தப் படிக்கட்டு அவர்களுக்குத் தெரியாது. மாடியில் இருக்கிற கோர்ட்டுக்கு ஏறிப் போய் நின்று, அம்மா, மனுதாரர் தரப்பில், என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, மூச்சுதான் வந்தது, புஸ் புஸ் என்று, மைக் இல்லாத அந்த அறையில் என் மூச்சு மட்டும் கேட்டது. மேஜிஸ்திரேட் அம்மா பேனாவை வைத்துவிட்டு, மெதுவா மேடம், என்றார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என் பிழைப்பே பேச்சு. மூச்சில்லாமல் பேச்சு எங்கிருந்து வரும்? வீட்டுக்குப் போய் மனோகரனிடம் ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன் என்றேன். அவர் டிவியை நிறுத்திவிட்டு, செத்துகித்துப் போயிட மாட்டயே, என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

"மேடம், உள்ள வரலாமுங்களா?"

பூங்கொடி. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றுகிறாள், வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் கழற்றுவாள். என் கட்சிக்காரி. புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான், அவனுடைய அண்ணன் குப்புராஜ் இவளைத் தோட்டத்து வீட்டை விட்டு வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டான், அந்த வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு என்று உத்தரவு வாங்கத்தான் இந்த கேஸ். அவள் தானாகவே போனாள், வீட்டுக்கு இருந்த ஒரே சாவியையும் எடுத்துக்கொண்டே போனாள் என்று குப்புராஜ் காலையில் சாட்சி சொல்லிவிட்டான். குறுக்கு விசாரணை மத்தியானம், அதாவது இன்னும் கொஞ்ச நேரத்தில். நாளன்றைக்கு அவன் மஸ்கட் கிளம்புகிறான். போனால் அடுத்த வருஷம்தான் வருவான். அதுவரைக்கும் இவள் தம்பி வீட்டுச் சமையலறையில் பாயை விரித்துக்கொண்டு கிடக்க வேண்டும். இன்றைக்கு விட்டால் இல்லை.

"இன்னிக்கு முடிஞ்சிருமுங்களா?"

"அவரைக் கேக்க வேண்டியதை இன்னிக்கே கேட்டு முடிச்சிரலாம். நீ சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க." கையில் இருந்த டப்பாவைத் திறந்து நீட்டுகிறாள். "ஒப்பிட்டுங்க. தம்பி பொஞ்சாதி சுட்டா. நீங்க எப்பப் பாத்தாலும் ஒண்ணுமே சாப்பிடறதில்லீங்களே."

போளியின் நெய் வாசம். ஏலக்காய், வெல்லம், கடலைப் பருப்பு வெந்து மசிந்த வாசம், அது மூக்கில் நுழையவில்லை, காதுக்குப் பின்னால் எங்கேயோ நுழைகிறது. வேண்டாம் என்று சொல்லலாம். இனிப்பு வேண்டாம் என்று டயட்டீஷியன் பெண் சிரித்துக்கொண்டே எத்தனை முறை சொன்னாள், சாப்பிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது மேடம், கொஞ்ச நேரம் கழிச்சுச் சர்க்கரை மடமடன்னு இறங்கித் தூக்கிப் போடும். பூங்கொடியின் கை நீண்டபடியே இருக்கிறது. இடமில்லாத வீட்டில், பூங்கொடிக்குச் சொந்தமில்லாத அடுப்பில், தம்பி மனைவி சுட்டுக் கொடுத்தது. ஒரு விள்ளல் எடுக்கிறேன். பிறகு இன்னொன்று. இரண்டாவதை அவளுக்காக எடுக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும், எனக்காகவே எடுத்தேன். ஏழு மாதத்தில் முதல் இனிப்பு, நாக்கு அப்படியே அசையாமல் நின்றுவிட்டது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஆறு ஒப்பிட்டு தின்பேன், ஆறாவதன் ருசி எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. இந்த இரண்டு விள்ளலில் வெல்லம் வேறாக, பருப்பு வேறாக, மேல் மாவு லேசாகக் கருகிய இடம் வேறாகத் தெரிகிறது. போதும். டப்பாவை மூடி அவள் கையிலேயே கொடுக்கிறேன். போதும் என்று சொன்னது நான்தான். அந்தச் சொல்லை இவ்வளவு அமைதியாக, வருத்தம் இல்லாமல் சொல்ல இத்தனை வயது ஆகியிருக்கிறது.

மாடிப்படி ஏறுகிறேன். கைப்பிடியைத் தொடவில்லை. கேஸ் கட்டு ஒரு கையில், கவுன் இன்னொரு கையில், முழங்கால் முனகவில்லை, பாதி வழியில் நின்று செல்போனைப் பார்ப்பது போல நடிக்கவில்லை. பூங்கொடி பின்னால் மூச்சு வாங்குகிறாள், எனக்கு வாங்கவில்லை. யாரும் இதைப் பார்க்கவில்லை, யாரும் கைதட்டப் போவதில்லை, ஒவ்வொரு முறை ஏறும்போதும் உள்ளே யாரோ மேளம் கொட்டுகிறார்கள். இந்தக் கால்களை நான் முப்பது வருஷம் வைது தீர்த்திருக்கிறேன். இப்போது இரண்டும் ஒன்றும் பேசாமல் என்னை மேலே கொண்டுபோய் நிறுத்துகின்றன. டவாலி பேரைக் கூப்பிடுகிறார். குப்புராஜ் கூண்டில் ஏறுகிறான், வெள்ளைச் சட்டை, கையில் பெரிய வாட்ச், வெளிநாட்டு செண்ட் என் இடம்வரை வருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் நஞ்சப்பன் எழுந்து வணங்கிவிட்டு உட்காருகிறார், நாற்காலி ஒருமுறை சத்தம் போடுகிறது, பெரிய உடம்பு, அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். நான் ஆரம்பிக்கிறேன். ஊர் எது, தோட்டம் எத்தனை ஏக்கர், கிணறு யார் பேரில், வீட்டுக்கு எத்தனை வாசல். சும்மா கேட்கிற கேள்விகள். அவன் தோள் இறங்க வேண்டும், இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று அவன் நினைக்க வேண்டும், அப்புறம்தான் அந்தக் கேள்வி. மாட்டைப் பற்றிய கேள்வி. இரண்டு நாளாக மனதில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். தொழுவம் வீட்டு வாசலுக்கு உள்ளே, வாசல் பூட்டியிருந்தால் மாட்டை

எங்கே விட்டேன்?

உள்ளங்கை ஈரம். முதுகில் ஒரு துளி வியர்வை தண்டுவடத்தோடு இறங்குகிறது, எனக்குத் தெரியும் இது என்ன என்று, தூக்கிப் போடும் என்றாளே, இதுதான் அது. இதயம் ஓடுகிறது, நான் நிற்கிறேன், அது மட்டும் எங்கோ ஓடுகிறது. தொட்டியில் தண்ணீர் தீர்ந்தபிறகு மோட்டார் சும்மா சுற்றுகிற சத்தம் காதுக்குள். வீட்டுக்கு எத்தனை வாசல் என்று கேட்டேன். ஒண்ணுதாங்க என்றான். அப்புறம்? அப்புறம் ஒன்று இருந்ததே. டைப்பிஸ்ட் பெண் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். மேஜிஸ்திரேட் அம்மா பார்க்கிறார். பூங்கொடி பார்க்கிறாள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன், விரல் நடுங்குகிறது, அந்த ஒப்பிட்டு, அந்த இரண்டாவது விள்ளல். இல்லை, இப்போது அதற்கு நேரமில்லை. விழுந்துவிடுவேனோ. விழுந்தால் கவுன் விலகும், எல்லோரும் தண்ணீர் தெளிப்பார்கள், வாக்கிங் போய்ப் போய் இப்படி ஆகிவிட்டார் என்பார்கள்.

"மேடத்துக்கு உடம்பு சுகமில்ல போலிருக்குதுங்க." நஞ்சப்பன் எழுந்துவிட்டார். "வாய்தா வேணும்னா எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க அம்மா."

குரலில் கபடம் இல்லை. இருந்தாலும் வாய்தா அவருக்கு லாபம், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கூண்டில் நிற்கிறவனுக்கும் தெரியும், அவன் வாட்சைப் பார்க்கிறான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம். உட்கார்ந்தால் சரியாகும். உட்கார மாட்டேன். எத்தனையோ வருஷம் முன்னால், வேறொரு ஊரில், வேறொரு நீதிபதி, உங்களுக்கு நிக்க சிரமமா இருந்தா உக்காருங்கம்மா, ஆனா நாற்காலிதான் தாங்கணும் என்றார், கோர்ட் முழுக்கச் சிரித்தது, என் கட்சிக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன், அதுதான் இன்னும் சுடுகிறது. அன்றிலிருந்து முழங்கால் வீங்கினாலும், சர்க்கரை ஏறிக் கால் எரிந்தாலும், நின்றேதான் பேசியிருக்கிறேன். நிற்பதுதான் என் மானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்குக் காட்ட நின்றேன்? அந்த நீதிபதி ஓய்வு பெற்றுப் போயாயிற்று, சிரித்தவர்கள் மறந்தாயிற்று, நான் மட்டும் இன்னும் அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். இங்கே பின்வரிசையில் ஒருத்தி பாய் விரிக்கச் சொந்தமாக இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். சொல்லிவிடு. சொல்லு.

"வாய்தா வேண்டாங்க அம்மா," என்கிறேன். குரல் எனக்கே தூரத்தில் கேட்கிறது. "ஏழு மாசம் முன்னால எனக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சு. உடம்பு எடையைக் குறைக்கிறதுக்காகப் பண்ணிக்கிட்டது. சில நேரம் சர்க்கரை இறங்கி இப்படி ஆகும். உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டேன்னா சரியாயிரும். இங்கேயே சாப்பிட அனுமதி வேணும். அப்புறம் உக்காந்தபடியே விசாரணையை முடிக்கிறதுக்கும் அனுமதி வேணும்."

மேஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உக்காருங்க மேடம். நிதானமா சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு வேறொரு கட்டைப் பிரிக்கிறார், என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவே பிரிக்கிறார். உட்காருகிறேன். நாற்காலி சத்தம் போடவில்லை. பையிலிருந்து சின்ன டப்பா, மனோகரன் போட்டு வைத்த வறுகடலை, கூட நாலைந்து உலர்ந்த திராட்சை. முதலில் திராட்சை. பிறகு கடலை. மெல்ல வேண்டும். கோர்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கடலையைக் கூழாகிற வரைக்கும் மெல்ல வேண்டும். எவ்வளவு நேரம் ஆகிறது ஒரு கடலைக்கு. டைப்பிஸ்ட் பெண் பார்க்கிறாள், டவாலி பார்க்கிறார், கூண்டிலிருந்து குப்புராஜ் பார்க்கிறான், பின்வரிசையில் வேறு கேஸுக்கு வந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். பாருங்கள். நன்றாகப் பாருங்கள். ஒரு பெண் சாப்பிடுகிறாள். இன்னொரு கடலை. அவசரப்பட மாட்டேன். பள்ளிக்கூடத்தில் மேசை மூடிக்குள் தலையை வைத்துத் தின்றவள், கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் சுவரோரம் உட்கார்ந்தவள், கேன்டீனில் கதவைப் பார்த்துப் பார்த்து விழுங்கியவள், இந்த ஜில்லாவின் நீதி நிர்வாகத்தை நிறுத்தி வைத்துவிட்டு வறுகடலை தின்கிறேன். சிரிப்பு வருகிறது, அடக்குகிறேன், கடலை தொண்டையில் மாட்டிக்கொள்ளும். வெட்கம் எங்கே? தேடிப் பார்க்கிறேன், உண்மையாகவே தேடுகிறேன், பர்ஸில் சாவியைத் தேடுவது போல. காணவில்லை. மோட்டார் சத்தம் மெல்ல அடங்குகிறது. உள்ளங்கை காய்கிறது. விரலை விரித்துப் பார்க்கிறேன், நடுக்கம் குறைந்துகொண்டு வருகிறது. இந்த உடம்பு சொல்வதை நான் இதுவரை கேட்டதே இல்லை, ஒன்று திட்டினேன், இல்லாவிட்டால் தீனி போட்டேன். இப்போது கேட்கிறேன், அது என்ன சொன்னதோ அதைச் செய்தேன், அது திரும்பி வந்துவிட்டது. தலைக்குள் ஒவ்வொரு விளக்காக எரிகிறது, தோட்டம், கிணறு, வாசல், வாசலுக்கு உள்ளே தொழுவம், தொழுவத்தில் மாடு.

"ஆரம்பிக்கலாமுங்க அம்மா."

உட்கார்ந்தால் குப்புராஜின் முகம் வேறு மாதிரி தெரிகிறது. நிற்கும்போது அவன் நெற்றியைப் பார்த்துப் பேசினேன், இப்போது கூண்டின் கம்பி இடுக்கில் அவன் கை தெரிகிறது, கை கம்பியைத் திருகிக்கொண்டிருக்கிறது.

"வீட்டுக்கு ஒரே வாசல்தான்னு சொன்னீங்க. தொழுவம் அந்த வாசலுக்கு உள்ளயா, வெளியயா?"

"உள்ளதாங்க."

"பூங்கொடி போன அன்னிக்கு மாடு எங்க இருந்துச்சு?"

"தொழுவத்துலதாங்க. அது மாட்டுக்கு அங்கதான் நிக்கும்."

"கறவை மாடுங்களா?"

"ஆமாங்க. ரெண்டு வேளையும் கறக்கோணும்."

"அன்னிக்குச் சாயங்காலம் யார் கறந்தா?"

"நானேதான் கறந்தனுங்க." கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறான். மாட்டைப் பட்டினி போடாதவன் என்று அவனுக்குத் தன்மேல் மதிப்பு.

"வாசலைத் திறந்துதானே உள்ள போயிருப்பீங்க?"

"பின்ன எப்படிங்க. பூட்டைத் தொறந்துதான்."

"இருந்த ஒரே சாவியையும் பூங்கொடி கொண்டுபோயிட்டாங்கன்னு காலைல சொன்னீங்களே."

கம்பியைத் திருகிய கை நின்றுவிட்டது. நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டு கட்டைப் புரட்டுகிறார், அங்கே ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். நான் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்கு இப்போது கைவந்த வேலை, ஒரு நாளைக்கு எத்தனை முறை ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் காத்திருக்கிறேன்.

"அது வந்துங்க," என்கிறான். "அது வேற பூட்டுங்க."

"யார் மாட்டுன பூட்டு?"

கம்பியை விட்டுவிட்டு, "நான்தாங்க," என்கிறான். டைப்பிஸ்ட் பெண்ணின் விரல்கள் ஓடுகின்றன.

வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டுக் கட்டைக் கட்டுகிறேன். அடுத்த வாரம் உத்தரவு. வெளியே பூங்கொடி என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், "ஆபரேசன்னு தெரியாம இனிப்பக் குடுத்துப்போட்டனே மேடம்," என்கிறாள். "ரெண்டு வாய் நான்தான் ஆசைப்பட்டுத் தின்னேன், உன் தம்பி பொஞ்சாதிகிட்ட நல்லாருந்துச்சுன்னு சொல்லு," என்று அவளை பஸ்ஸுக்கு அனுப்புகிறேன். களைப்பு இருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கே தூங்கிவிடுவேன், நாளைக்கு வராந்தாவில் எல்லோரும் பேசுவார்கள், சுலபமான வழி என்று ஒருத்தராவது சொல்வார்கள். சொல்லட்டும். அந்தச் சுலபத்தை ஒரு மத்தியானம் தூக்கிச் சுமந்து பார்க்கட்டும். என் வாயால் நான் சொல்லியாயிற்று, கோர்ட்டில், பதிவேட்டில் ஏறுகிற மாதிரி. அந்த வாக்கிங் பொய்யை இனிமேல் தினமும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.

படிக்கட்டுக்கு முன்னால் நஞ்சப்பன் நிற்கிறார். கவுனைக் கழற்றித் தோளில் போட்டிருக்கிறார். மாட்டைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைக்கிறேன்.

"நல்லாக் கேட்டீங்க," என்கிறார். அப்புறம் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். "எந்த டாக்டருங்க?"

"யாருக்குங்க?"

"சொந்தக்காரப் பையன் ஒருத்தன். அவனுக்குக் கேக்கலாம்னு."

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புகிறார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்திருக்கிற பிடியைப் பார்க்கிறேன், விரல் மூட்டுகள் வெளுத்திருக்கின்றன, இறங்க வேண்டிய படிகளை அவர் பார்க்கிற பார்வையும் எனக்குத் தெரியும்.

"எனக்குத்தாங்க," என்கிறார் மெல்ல. "பயமா இருந்துச்சுங்களா?"

கேஸ் கட்டை மேல்படியில் வைக்கிறேன். அதன் பக்கத்திலேயே நானும் உட்காருகிறேன், அவருக்கு இடம் விட்டு. அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக உட்காருகிறார், இரண்டு பேருக்கும் சேர்த்துப் படி போதுமாக இருக்கிறது.

"முதல் ரெண்டு மாசம் அழுவீங்க," என்று ஆரம்பிக்கிறேன்.